2.5ஐ எந்தப் பக்கம் தள்ளுவது? மூன்று வழிகள்

2.3ஐ முழுதாக்கினால் 2, 2.8ஐ முழுதாக்கினால் 3. இதில் தகராறே இல்லை. சரிபாதியில் நிற்கும் 2.5தான் சிக்கல். புழக்கத்தில் மூன்று வழிகள் உண்டு: புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடுவது, பள்ளியில் படித்தபடி 5 வந்தால் மேலே ஏற்றுவது, பக்கத்தில் உள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போவது.

2.5, 3.5, 4.5, 5.5 நான்கையும் கூட்டினால் 16. வெட்டிவிட்டுக் கூட்டினால் 2+3+4+5, அதாவது 14. பள்ளி முறையில் 3+4+5+6, மொத்தம் 18. இரட்டைப்படை முறையில் 2+4+4+6, சரியாக 16. பாதி எண்கள் மேலேயும் பாதி எண்கள் கீழேயும் போவதால் பிழை ஒரே பக்கம் சேருவதில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 2 என்ற தரநிலையும் இதைத்தான் சொல்கிறது. பைத்தான் என்ற நிரல்மொழியில் 2.5ஐ முழுதாக்கச் சொன்னால் 2 வருவதும் இதனால்தான். எக்செல் பள்ளி முறைப்படி 3 என்று காட்டும். ஒரே தரவை இரண்டிலும் போட்டுப் பார்ப்பவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

வெட்டுவது எவ்வளவு தூரம் இழுத்துவிடும் என்பதற்கு கனடாவின் வான்கூவர் பங்குச்சந்தை சாட்சி. பங்கு விலைகளின் போக்கைக் காட்டும் அதன் குறியீடு 1982 தொடக்கத்தில் 1000 புள்ளிகளோடு ஆரம்பித்தது. ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் முந்தைய மதிப்பிலிருந்து குறியீட்டைக் கணக்கிட்டு, மூன்று தசம இடங்களுக்குப் பின் வந்ததை வெட்டிவிட்டார்கள். ஒரு வெட்டில் போவது சராசரியாக ஏறத்தாழ 0.0005தான். ஆனால் நாளுக்கு ஏறத்தாழ 3,000 முறை வெட்டினால் தினமும் ஒரு புள்ளிக்கு மேல் கரையும். 1983 நவம்பரில் குறியீடு 524 என்று காட்டியது. திருத்திக் கணக்கிட்டபோது 1098 வந்தது! சந்தை ஏறியிருக்க, பலகை மட்டும் பாதியாக இறங்கியிருந்தது.

ஆக, நிறைய எண்களைக் கூட்டப் போகிறீர்கள் என்றால் இரட்டைப்படை முறைதான் என் தேர்வு. கடை பில்லுக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் பள்ளி முறையே போதும். ஒரே ஒரு இலக்கத்தைப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும் என்பது அதன் பெரிய பலம்.

அதற்காக வெட்டுவதை ஒதுக்கவும் வேண்டாம். 2026 மார்ச் வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 288ஏ பிரிவு மொத்த வருமானத்தைப் பத்து ரூபாய்க்கு முழுதாக்கச் சொன்னது. அதன்படி முதலில் பைசாவை விட்டுவிட வேண்டும். அப்புறம் கடைசி இலக்கம் 5 அல்லது அதற்கு மேல் என்றால் அடுத்த பத்து. 6,43,214.95 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். பைசாவை விட்டால் 6,43,214. ஒன்றாம் இடத்தில் 4 இருப்பதால் 6,43,210. பைசாவை முதலில் முழுதாக்கினால் 6,43,215 ஆகி, அங்கிருந்து 6,43,220க்குத் தாவிவிடும். அது தவறு, அந்தத் தொகை 210க்குத்தான் பக்கம். பள்ளி முறையில் பத்தாம் இடத்துக்கு முழுதாக்கும்போது ஒன்றாம் இடத்து இலக்கம் மட்டுமே முடிவு செய்யும், பைசாவுக்கு அங்கே வேலை இல்லை. படிப்படியாக முழுதாக்கும் பழக்கம் உள்ள பிள்ளைகளுக்கு இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.