3 வருஷமா கவுச் டு 5கே: ரெண்டு குழந்தைகளை வெச்சுக்கிட்டு ஓடின அனுபவம்

மூணு வருஷம் முழுசா முடிஞ்சிருச்சுங்க, அதான் இப்ப எழுதறேன். ஊர் கோயம்புத்தூர், ஆபீஸ் வேலை, பையனுக்கு 8 வயசு, பாப்பாவுக்கு 4. ஆரம்பிச்சப்ப பாப்பாவுக்கு ஒரு வயசு தாண்டியிருந்துச்சு.

கவுச் டு 5கேங்கறது, ஓடாதவங்களைக் கொஞ்சம் கொஞ்சமா 5 கிலோமீட்டர் ஓட வெக்கற பயிற்சிப் பிளான். 1996ல ஜோஷ் கிளார்க்னு ஒருத்தர் ஓடியே பழக்கமில்லாத தன்னோட அம்மாவுக்காகப் போட்டது. வாரம் 3 நாள், மொத்தம் 9 வாரம். முத வாரம் 60 செகண்ட் ஓடணும், 90 செகண்ட் நடக்கணும், இப்படியே 20 நிமிஷம். படிப்படியா ஏத்திட்டு வந்து அஞ்சாவது வாரம் மூணாவது நாள் நிக்காம 20 நிமிஷம் ஓடச் சொல்லும், அன்னைக்கு ஓடி முடிச்சுட்டு எங்க ஊர் ரேஸ்கோர்ஸ் நடைபாதை பெஞ்சுல உக்காந்து அழுதுட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

ஆனா எனக்கு 9 வாரத்துல முடியல, 7 மாசம் ஆச்சு. பையனுக்குக் காய்ச்சல், அது போய் பாப்பாவுக்கு, அப்புறம் எனக்கு, நடுவுல ஊர்ல ஒரு கல்யாணம், இப்படி விட்டு விட்டுத்தான் போச்சு. ஒவ்வொரு தடவையும் திரும்ப முத வாரத்துல இருந்து ஆரம்பிச்சேன், அதுதான் நான் பண்ணின பெரிய தப்பு, மனசு விட்டுப் போறதே அதுலதான். இப்ப ஒரு வாரம் விட்டுப்போனா கடைசியா ஓடின வாரத்தையே திரும்ப ஓடறேன், மூணு வாரம் போச்சுன்னா ரெண்டு வாரம் பின்னாடி போறேன், அவ்வளவுதான்.

மோட்டிவேஷன் வரலைன்னு நிறைய அம்மாக்கள் சொல்றாங்க. நானும் வீடியோவா பார்த்துத் தள்ளினேன், அலாரத்தை மாத்தி மாத்தி வெச்சேன். ஆறு மாசம் கழிச்சுத்தான் புரிஞ்சுது, என்னைத் தடுத்தது தூக்கம் இல்ல, அடுப்படி. எந்திரிச்ச உடனே கை தானா குக்கர்கிட்ட போயிரும். ஒரு நாள் ராத்திரி வீட்டுக்காரர்கிட்ட உக்காந்து பேசினேன். "ஏங்க, செவ்வாயும் வியாழனும் காலைல ஆறேகால் வரைக்கும் நான் வீட்ல இல்லைன்னே வெச்சுக்கோங்க." "பாப்பா எந்திரிச்சு அழுதா?" "நீங்க தூக்கிக்கோங்க." ரெண்டு வாரம் பாப்பா அழுதா, மூணாவது வாரம் அப்பா தோள்லயே தூங்கிட்டா. திங்களும் புதனும் அவர் ஷட்டிலுக்குப் போறார், அப்ப நான் பார்த்துக்கறேன். மூணாவது ஓட்டம் ஞாயித்துக்கிழமை, பையன் சைக்கிள்ல கூடவே வருவான்.

இன்னொண்ணு, எங்க வீட்டு இரும்பு கேட் கொக்கி சத்தத்துக்கே பாப்பா முழிச்சுக்குவா. அதனால முத நாள் ராத்திரியே ஷூவைக் கேட்டுக்கு வெளிய வெச்சுட்டு, கொக்கியில பழைய துணியைச் சுத்தி வெச்சுருவேன். அஞ்சே கால்க்கு வெறுங்கால்ல இறங்கி வெளிய நின்னுதான் லேஸ் கட்டறது. ரேஸ்கோர்ஸ் ஒரு சுத்து கிட்டத்தட்ட ரெண்டரை கிலோமீட்டர், ரெண்டு சுத்து போனா கணக்கு முடிஞ்சுது. அந்த நேரத்துலயே நடக்கறவங்க நிறைய இருப்பாங்க, அதனால பயம் இல்ல.

யாரும் பேசாத ஒரு விஷயத்தையும் சொல்லிடறேன். ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் ஓடினா லேசா யூரின் லீக் ஆச்சு. வெட்கப்பட்டு ரெண்டு மாசம் ஓடறதையே நிறுத்திட்டேன். அப்புறம் பிசியோதெரபிஸ்ட் ஒருத்தங்க, சிறுநீர்ப்பையைக் கீழ இருந்து தாங்கற இடுப்புத்தள தசைக்குப் பயிற்சி சொல்லிக் குடுத்தாங்க, மூணு மாசத்துல எனக்கு நல்லாவே சரியாச்சு. குழந்தை பிறந்து குறைஞ்சது 12 வாரமாவது ஓட வேண்டாம்னு பிசியோக்களோட வழிகாட்டுதல்லயே இருக்கு, சிசேரியன்னா டாக்டரைக் கேட்டுக்கோங்க. லீக் ஆனா பொறுத்துக்கிட்டு ஓடாதீங்க, என்னை மாதிரி வெட்கப்பட்டு விட்டுடவும் செய்யாதீங்க, பிசியோகிட்ட போய்க் காட்டுங்க.

ஷூ பத்தி ரெண்டு வரி. முத ஷூ ஒரு கடையில கால் அளவுக்குச் சரியா வாங்கினது, கட்டை விரல் நகம் கறுத்துப்போச்சு. முன்னாடி ஒரு விரல் அகலம் இடம் இருக்கற மாதிரி பெருசா வாங்குங்க. 600 கிலோமீட்டர் ஓடினதும் அடிப்பாகம் கல்லு மாதிரி ஆயிருச்சு, மாத்திட்டேன்.

பிளானை முடிச்சு 5 கிலோமீட்டர் ஓடினதுக்கு அப்புறம் ஓடவே மனசு வராம ஒரு சலிப்பு வரும், அதுக்கு இந்தப் பிளான்ல பதில் இல்ல, அது பெரிய குறை. எனக்கு நாலு மாசம் அப்படியே போயிருச்சு. கோயம்புத்தூர் மாரத்தான்ல 10 கிலோமீட்டருக்குப் பேர் குடுத்தேன், அந்தத் தேதி வரைக்கும் நல்லா ஓடினேன், முடிஞ்ச அடுத்த மாசம் மறுபடியும் படுத்துருச்சு. ரேஸ் அன்னைக்கு வரைக்கும்தான் இழுக்குது. திரும்பக் கொண்டு வந்தது அந்தச் செவ்வாய், வியாழன் ஏற்பாடுதான், ஏன்னா அந்த நேரம் ஏற்கெனவே எனக்குன்னு ஒதுக்கியிருக்கு, நான் போகலைன்னாலும் அவர் எந்திரிச்சு மாவை எடுத்து வெளிய வெச்சுடறார்.

இப்ப 5 கிலோமீட்டருக்கு 36 நிமிஷம் ஆகுது. இந்தச் செவ்வாய் மழை, போகல. வியாழனுக்கு ஷூ வெளிய வெச்சாச்சு.