கண்மூடி உட்காருவதா, நடப்பதா, கோலம் போடுவதா? காலை அமைதிக்கு ஐந்து வழிகள், ஓர் அலசல்

எங்கள் வீட்டு வாசலுக்கு 7.40-க்குப் பள்ளி வேன் வந்துவிடும். அதற்குள் இரண்டு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும், ஒரு சீருடைக்கு இஸ்திரி போட வேண்டும். சிறுவாணித் தண்ணீர் வரும் நாளானால் அதையும் பிடித்து வைக்க வேண்டும். அப்புறம் எனக்கு அலுவலகம். இந்த ஓட்டத்துக்கு முன்னால் அரை மணி நேரமாவது பதற்றமில்லாமல் இருக்க ஆசைப்பட்டு, இரண்டு வருடமாக ஐந்து வழிகளை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். உட்கார்ந்து செய்யும் தியானம், மனவளக்கலை உடற்பயிற்சி, நடை, வாசல் தெளித்துக் கோலம், நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஆறு வாரம் கொடுத்தேன்.

ஒப்பிட நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். எல்லாம் கூடி வந்த நாளில் எந்த வழியும் நன்றாகவே இருக்கும். ராத்திரி முழுக்கப் பையனுக்குக் காய்ச்சல், தேங்காய் அரைக்கும்போது கரண்ட் போய்விட்டது, அத்தைக்கு முட்டி வலி எடுத்து எழுந்திருக்க முடியவில்லை. இப்படிப்பட்ட நாளில் எது கொஞ்சமாவது மிச்சம் நிற்கிறது என்று பார்த்தேன்.

அதற்கு முன் எல்லா வழிக்கும் பொதுவான இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது செல்போன். படுக்கையிலேயே அதைக் கையில் எடுத்த நாளில் ஐந்தில் எதுவுமே எனக்குக் கைகொடுக்கவில்லை. விழித்த முதல் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் உடம்பில் தானாகவே ஏறும். நம்மை நாளுக்குத் தயார்ப்படுத்த உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு அது. ஏற்கெனவே முறுக்கேறிக்கொண்டிருக்கும் உடம்பிடம் அலுவலக மெயிலையும் கொண்டுபோய்க் கொடுப்பது எனக்கு ஒத்துவரவில்லை. ஆனால் பிள்ளை வைத்திருப்பவர்கள் போனைப் பார்ப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. 'இன்னிக்கு வேன் வராது' என்று 6.45-க்கு வாட்ஸ்அப் குழுவில் வரும். நான் ஓட்டுநரிடம் நேரிலேயே கேட்டுக்கொண்டேன்: "அண்ணா, வராத அன்னிக்கு மட்டும் ஒரு மிஸ்டு கால் குடுத்துருங்க." இப்போது போன் ஹாலில் சார்ஜில் கிடக்கிறது, மணியோசை மட்டும் கேட்கும்படி. எழுப்புவதற்கு மேசைமேல் ஓர் அலாரம் கடிகாரம்.

இரண்டாவது எழும் நேரம். பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்தால்தான் பலன் என்று சொல்லாதவர் இல்லை. கணக்குப்படி அது சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்னால் தொடங்கி 48 நிமிடம் இருக்கும். ஆறு மணிக்கு உதயம் என்றால் 4.24 முதல் 5.12 வரை. கோயம்புத்தூரில் ஜூன் தொடக்கத்தில் ஆறு மணி வாக்கில் உதிக்கும் சூரியன், ஜனவரி கடைசியில் ஆறே முக்காலை ஒட்டித்தான் உதிக்கும். அப்படியானால் அந்த முகூர்த்தமும் முக்கால் மணி நேரம் தள்ளித்தான் போகும். வருடம் முழுக்க 4.30 என்று கடிகாரத்தைக் கட்டிக்கொள்ள அதிலேயே இடமில்லை. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். ராத்திரி பத்தரைக்குப் பாத்திரம் கழுவி முடிக்கிற பெண்ணை நாலரைக்கு எழச் சொல்வது அவள் தூக்கத்தைப் பிடுங்குவதுதான். நான் 5.30-க்கு எழுகிறேன். அதற்குமேல் முன்னால் தள்ளப்போவதில்லை.

சரி, வழிகளுக்கு வருவோம்.

உட்கார்ந்து செய்யும் தியானம்

இதிலேயே மூன்று வகையை ஒப்பிட வேண்டியிருக்கிறது. ஒன்று விபாசனா. பர்மாவில் பிறந்து, அங்கேயே சயாஜி ஊ பா கின்னிடம் பயின்ற கோயங்கா 1969-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்து பரப்பிய முறை. சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் அதற்கு மையம் இருக்கிறது. பத்து நாள் மௌனம், போன் கிடையாது, காலை 4 மணிக்கு மணி அடிக்கும், கட்டணம் இல்லை. என் அக்கா போய்வந்தாள். போகும்போது இருந்த முகம் வேறு, வரும்போது இருந்த முகம் வேறு. ஆனால் திரும்பி வந்தபின் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். இரண்டு குழந்தைகளோடு அவளால் அதை மூன்று மாதத்துக்குமேல் கொண்டுபோக முடியவில்லை.

இன்னொன்று, மைண்ட்ஃபுல்னஸ் என்ற பெயரில் அலுவலகங்களில் நடத்தும் வகுப்பு. இதன் வேர், 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சி. தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காக உருவானது. அதில் ஒரே ஓர் உலர்திராட்சையைக் கையில் வைத்துப் பார்த்து, முகர்ந்து, மெல்ல மெல்ல மென்று சாப்பிடச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பயிற்சி மிகவும் பிடித்தது. வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம் செய்ய வேண்டும் என்பதுதான் அந்தப் பயிற்சியின் பழைய அளவு. அலுவலகத்தில் ஒரு மதிய வேளையில் சொல்லிக்கொடுத்து அனுப்புவது அதன் நுனி மட்டும்.

மூன்றாவது ஆப். பத்து நிமிடம், காதில் மென்மையான குரல். தொடங்குவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் அதைத் திறக்கப் போனைத் தொட்டாக வேண்டும். தொட்டதும் மேலே பதினேழு அறிவிப்புகள். 'தொடர்ந்து 23 நாள்' என்று அது எண்ணிக்கொண்டே வந்ததில், விட்டுப்போன 24-ஆம் நாள் காலையில் எனக்கு வந்தது அமைதி இல்லை, குற்ற உணர்வு.

ஆழம் என்று பார்த்தால் உட்கார்ந்து செய்யும் தியானத்துக்கு ஈடு வேறில்லை என்பதே என் அனுபவம். மனதில் என்ன ஓடுகிறது என்பதை அது நேராகக் காட்டிவிடும். ஆனால் கண்மூடி உட்கார்ந்திருக்கும்போது "அம்மா, சாக்ஸ் எங்கே?" என்று ஒரு குரல் வந்தால் போதும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். கலைந்த தியானம் எனக்கு எரிச்சலாகத்தான் மிஞ்சியது.

மனவளக்கலை உடற்பயிற்சி

கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி வகுத்தது. பொள்ளாச்சியைத் தாண்டி ஆழியாறில் அவருடைய அறிவுத் திருக்கோயில் இருப்பதால் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருவராவது இதைக் கற்றவர் இருப்பார். கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, கண்பயிற்சி, கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், உடல் தளர்த்தல் என்று ஒன்பது பகுதிகள். முழுதாகச் செய்ய அரை மணி நேரம் ஆகும். வெறும் வயிற்றில் செய்ய வேண்டும், அதனால் காலைதான் தோது.

சூரிய நமஸ்காரத்தோடு இதை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். சூரிய நமஸ்காரத்தில் பன்னிரண்டு நிலைகளும் சங்கிலிபோல ஒன்றிலிருந்து ஒன்று போகும். இடுப்பு வளைய வேண்டும், மணிக்கட்டு உடம்பைத் தாங்க வேண்டும். மனவளக்கலையில் அவ்வளவு கடினமில்லை, அறுபது வயதுக்காரரும் செய்யலாம். எனக்குப் பிடித்த இன்னொன்று, ஒன்பதையும் பிரித்துக்கொள்ள முடியும். நேரமில்லாத நாளில் கை, கால், கடைசியில் தளர்த்தல் என்று மூன்றை மட்டும் பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்வேன். ஆசிரியர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், முழுதாகச் செய்யத்தான் சொல்வார்கள். ஆனாலும் உடைந்த நாளிலும் ஒரு துண்டு கையில் இருப்பது பெரிய விஷயம். புத்தகம் பார்த்து, வீடியோ பார்த்துத் தொடங்காதீர்கள். மனவளக்கலை மன்றத்துக்குப் போய் ஒருவர் முன்னால் நின்று கற்றுக்கொள்ளுங்கள், மூச்சு எங்கே இழுப்பது எங்கே விடுவது என்பதில் தவறு நேராமல் இருக்கும்.

நடை

கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸில் ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். மரநிழல், அகலமான நடைபாதை, விடியும்போது லேசான குளிர். ஐந்து வழிகளில் மனம் சட்டென்று லேசானது இதில்தான். காரணமும் இருக்கிறது. காலை வெளிச்சம் கண்ணில் படும்போது தூக்கத்துக்கான மெலடோனின் அடங்குகிறது, உடம்பின் கடிகாரம் சரியாக அமைகிறது, ராத்திரித் தூக்கமும் நேரத்துக்கு வருகிறது. வீட்டுக்குள் கண்மூடி உட்காருவது இதைத் தராது.

ஆனால் எங்கள் வீட்டிலிருந்து ரேஸ்கோர்ஸ் வண்டியில் பதினைந்து நிமிடம். போக, நடக்க, வர என்று ஒரு மணி நேரம் ஆகிவிடும். தென்மேற்குப் பருவத்தில் நாள் கணக்கில் தூறல். தெருவிலேயே நடக்கலாம் என்றால் விளக்கில்லாத மூலையும் நாய்க்கூட்டமும் இருக்கின்றன. விடிவதற்கு முன் தனியாக நடக்க எல்லாப் பெண்களாலும் முடிவதில்லை. இதை யாரும் கணக்கில் எடுக்காமல் 'காலையில் நடங்கள்' என்று சொல்லிவிடுகிறார்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டோ, நாலு பேராகச் சேர்ந்து அரசியல் பேசிக்கொண்டோ நடந்தால் உடம்புக்கு நல்லது. மனம் அடங்க வேண்டுமென்றால் முதல் சுற்றையாவது பேசாமல் நடந்து பாருங்கள்.

வாசலும் கோலமும்

இதை நான் ஒரு வழியாகவே நினைத்திருக்கவில்லை. தெருவில் எதிர்வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயது இருக்கும். ஒருநாள் நான் அவசரமாக இழுத்த கோடு பிசிறடித்ததைப் பார்த்துச் சொன்னார்: "மாவு விடறப்ப மூச்சப் புடிக்காத கண்ணு. கையும் மூச்சும் ஒண்ணாப் போகோணும்." அன்றிலிருந்து கவனித்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து மாவு ஒரே சீராக இறங்க வேண்டுமானால் தோள் தளர்ந்திருக்க வேண்டும், மூச்சு ஓட வேண்டும். மனம் அலுவலகத்துக்கு ஓடினால் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

சிக்குக் கோலம் இன்னும் கறார். ஊடு புள்ளி 7-க்கு 4 என்றால், நடு வரிசையில் 7, இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 4 வரை, மொத்தம் 37 புள்ளி. ஒரு புள்ளியில் தப்பான பக்கம் வளைந்தால் கம்பி தொடங்கிய இடத்துக்குத் திரும்பாது. இந்தக் கறாரான விதிகள்தான் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி போன்றவர்களை ஈர்த்தன. அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974-இல் கோலங்களின் இலக்கணத்தைக் கணினியியல் கட்டுரையாகவே எழுதினார்கள். விதியைப் பிடித்துக்கொண்டு கை போகும்போது மனதுக்கு வேறெங்கும் போக நேரமில்லை. தியானத்தில் மூச்சு செய்கிற வேலையை இங்கே புள்ளி செய்கிறது.

என் அளவுகோலில் இதுதான் முதலில் வருகிறது. நடுவில் கூப்பிட்டால் எழுந்து போய்விட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம், கோடு அங்கேயே காத்திருக்கும். முடியாத நாளில் ஊடு புள்ளி 3-க்கு 2, ஏழே புள்ளி, மூன்று நிமிடம். எப்படியும் செய்ய வேண்டிய வேலை, அதனால் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். விடியும் வெளிச்சமும் மேலே படுகிறது. பில்டரில் பொடி போட்டு வெந்நீர் ஊற்றிவிட்டு வாசலுக்குப் போனால், திரும்பி வரும்போது டிகாக்ஷன் இறங்கியிருக்கும். அந்தக் காபியை உலர்திராட்சை தின்ற அதே கவனத்தோடு நின்று குடிக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. அடுக்குமாடியில் கதவுக்கு முன்னால் இரண்டடிதான் இருக்கும், தண்ணீர் தெளிக்க விடமாட்டார்கள். குனிந்து செய்வது முதுகு வலிக்காரர்களுக்கு ஆகாது, அவர்கள் பலகையில் உட்கார்ந்து போடலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, மாமியார் சொன்னதற்காக, ஊர் பார்ப்பதற்காகப் போடும் கோலத்தில் எந்த அமைதியும் இல்லை. இருபது வருடம் நான் அப்படித்தான் போட்டேன்.

எழுதுவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மனதில் பாரம் இருக்கும் காலத்தில் மூன்று பக்கம் எழுதினால் இறங்கிவிடுகிறது. சாதாரண நாளில் எனக்கு அது அன்றைய வேலைப் பட்டியலாக மாறிவிட்டது. ராத்திரிக்கு நகர்த்திவிட்டேன்.

யாருடைய அமைதி?

எந்த வழி என்பதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். நான் தியானம் செய்து பார்த்த ஆறு வாரத்தில், அந்த அரை மணி நேரத்துக்கான சட்னியை அரைத்தவர் அத்தை. என் வீட்டுக்காரர் பல வருடமாக ரேஸ்கோர்ஸ் போய் நிம்மதியாகத் திரும்பிய காலைகளில் அடுப்படியில் நின்றது நான். ஒருவருடைய அமைதியான காலை இன்னொருவருடைய ஓட்டத்தின் மேல் நிற்கிறதென்றால், எந்த முறையைப் பின்பற்றினாலும் அந்த வீட்டில் அமைதி இல்லை. அதனால் வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். இட்லிக்கு யார் ஊற்றுவது, தண்ணீர் யார் பிடிப்பது, பிள்ளையை யார் குளிக்க வைப்பது என்று பங்கு பிரியுங்கள்.

தனியாக, பிள்ளைகள் இல்லாமல் இருப்பவர் என்னைக் கேட்டால், உட்கார்ந்து செய்யும் தியானத்தையே எடுக்கச் சொல்வேன், கலைக்க ஆளில்லாத வீடு அதற்கு வாய்ப்பு. ஓய்வு பெற்றவர்களுக்கு மனவளக்கலையும் நடையும் சேர்ந்து போகும். ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கு ஐந்துமே வேண்டாம், அவர்கள் காலை எப்போது விடிகிறதோ அதுவரை தூங்கட்டும். என்னைப்போல வீடு நிறைய ஆட்களோடு இருப்பவர்கள், தினம் செய்யும் ஏதாவது ஒரு கைவேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோலமே ஆக வேண்டும் என்றில்லை. செடிக்குத் தண்ணீர் விடுவதும் பூத்தொடுப்பதும் இதே வகைதான்.

எங்கள் வீட்டில் இப்போது செவ்வாயும் வியாழனும் காலை அடுப்படி என் வீட்டுக்காரர் பொறுப்பு. அந்த இரண்டு நாளும் ரேஸ்கோர்ஸில் நான் ஒரு சுற்று பேசாமல் நடக்கிறேன். மற்ற நாள்களில் வாசல். போன வாரம் நான் நடந்துவிட்டு வந்தபோது வாசலில் மூன்று புள்ளியில் ஒரு கோணல் கோலம் இருந்தது, பையன் போட்டது.