கொழும்பு வெக்கையில் மரக் கியர் நொப்: இரண்டு வருடப் பாவனைக்குப் பிறகு

கையால் செதுக்கிய கியர் நொப், அதாவது கியர் தண்டின் கைப்பிடி உருண்டை, நிலைப்பதும் வெடிப்பதும் செதுக்கு வேலையின் அழகில் இல்லை. மரம் எவ்வளவு காய்ந்திருந்தது, கியர் தண்டில் திருகுவதற்கு உள்ளே வைக்கும் புரியிட்ட பித்தளை புஷ் எப்படி ஒட்டப்பட்டது, இந்த இரண்டிலும்தான் இருக்கிறது. மதிய வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்ட் 60 பாகை செல்சியஸைத் தாண்டிச் சுடும். இரவில் கடற்காற்றின் ஈரத்தை மரம் மீண்டும் குடிக்கும். நாள்தோறும் இதே சுருக்கமும் விரிவும்.

முதிரைதான் எங்கள் முதல் தெரிவு. 55 மில்லிமீற்றர் உருண்டை ஏறத்தாழ 85 கிராம் வரும். அதே அளவுப் பலா 55 கிராம்தான். கியர் மாற்றும்போது அந்தக் கனம் கைக்குத் தெரியும். ஆனால் முதிரையின் நார் திசை மாறி மாறி ஓடுவதால், ஒரு பக்கம் வழுக்கிச் செல்லும் உளி மறுபக்கம் பிய்த்துக்கொண்டு வரும். கடைசி 3 மில்லிமீற்றரை உளியால் தொடாமல் அரத்தால் இறக்குங்கள். தூள் சிலருக்குத் தோல் அரிப்பைக் கொடுக்கும், மாஸ்க் கட்டாயம். பலா செதுக்க இலகு. புதிதில் மஞ்சள், வெயில் பட்டுப் பட்டுத் தேன் நிறம், பிறகு கபிலம். பார்க்கப் பார்க்க அழகு. தேக்கில் எண்ணெய்ப் பிடிப்பு உண்டு, ஒட்டுமுன் தின்னர் துணியால் துடைக்காவிட்டால் பசை நிற்காது.

மொறட்டுவைப் பக்கத்து மரக்காலையில் துண்டுக்கட்டை வாங்கும்போது வெட்டுமுகத்தைப் பாருங்கள். வளையங்களின் மையம் தெரிந்தால் வேண்டாம். வளையத்தின் போக்கில் மரம் சுருங்குவது ஆரத்தின் போக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெடிப்பு அந்த மையத்தில்தான் தொடங்கும். 70 × 70 × 100 மில்லிமீற்றர் கட்டையைக் கார் டிக்கியில் போட்டு வைத்து, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுங்கள். அடுத்தடுத்து இரண்டு வாரம் எடை மாறாமல் நின்றால் வேலையைத் தொடங்கலாம்.

புஷ்ஷுக்கான துளையைக் கட்டை சதுரமாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். உருண்டையான பிறகு நேராகப் பிடிக்க வழியில்லை. புஷ்ஷின் புரி அளவு (விட்டம் × புரி இடைவெளி, மில்லிமீற்றரில்) பெரும்பாலும் டொயோட்டா மனுவலில் 12 × 1.25, ஹொண்டாவில் 10 × 1.5, நிசான், மஸ்டாவில் 10 × 1.25. ஆனாலும் கார் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் பழைய நொப்பைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்ப்பதே நல்லது. வெளியே தவாளிப்பு வெட்டிய 16 மில்லிமீற்றர் புஷ்ஷுக்கு 16.5 மில்லிமீற்றர் துளை, ஆழம் 30.

அதிகம் பேர் கோட்டை விடுவது பசையில்தான். ஐந்து நிமிட எபொக்சி அன்று கல்லாக இறுகியிருக்கும். வெயிலில் நின்ற காருக்குள் இளகி, மூன்றாம் கியருக்குத் தள்ளும்போது நொப் கையோடு சுழலும். 24 மணித்தியாலம் எடுத்து இறுகும் எபொக்சியே வேண்டும். ஒட்டும்போது புஷ்ஷுக்குள் மெழுகு பூசிய போல்ட்டைத் திருகி வைத்தால் புரி அடைபடாது.

120, 180, 240, 320 இலக்கச் சாண்ட் பேப்பரால் வரிசையாகத் தேய்த்த பிறகு பூச்சு. பிரெஞ்ச் பொலிஷ் (ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு) தளபாடத்துக்குச் சரி, இதற்கு வேண்டாம்: சானிடைசர் தடவிய கை பட்டாலே கரைந்து ஒட்டும். இறுக்கி கலந்து அடிக்கும் இரண்டு கலவைக் கார் கிளியர் (நிறமற்ற பூச்சு) மெல்லிதாக மூன்று பூச்சு, திறந்த வெளியில், அதற்குரிய வடிகட்டி மாஸ்க்குடன்.

இரண்டு வருடம் போனால், உள்ளங்கை அழுந்தும் உச்சியில் மட்டும் பளபளப்பு மங்கும். அந்த இடத்தை 400ஆல் லேசாகத் தேய்த்து ஒரு பூச்சு அடித்தால் போதும். அடியில், புஷ்ஷைச் சுற்றி மயிரிழை வெடிப்பு கண்டால் அப்போதே கழற்றிவிடுங்கள்.