செய்தி நல்லா இருக்கு, படம் எங்கே? சேலத்து பிஆர் சேவை ஒன்றோடு ஒரு வருடம்

சேலத்தில் கடை, ஹோட்டல், எஸ்டேட் என்று வைத்திருக்கும் நண்பர்கள் இந்த ஒரு வருடத்தில் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்த பிஆர் ஆளுங்களுக்கு மாசா மாசம் காசு கொடுக்கலாமா, கொடுத்தா பேப்பர்ல வருமா?" ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதிவிடுகிறேன். பிஆர் என்றால் மக்கள் தொடர்பு, கடைக்கும் ஹோட்டலுக்கும் செய்தி எழுதி, படத்தோடு பத்திரிகைகளுக்கு அனுப்புகிற வேலை. நான் சொல்லப் போவது அப்படி ஒரு நிறுவனத்தைப் பற்றி, அதன் பெயரைப் போடப் போவதில்லை. அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்பாதவர்கள், அதற்காகவே எனக்கு அவர்கள் மேல் ஒரு மரியாதை உண்டு. அப்புறம், நான் அவர்களுக்குக் காசு கொடுத்த வாடிக்கையாளர் கிடையாது. அவர்கள் அனுப்புவதெல்லாம் வந்து விழும் இடத்தில் உட்கார்ந்திருப்பவன். ஒரு நாளிதழின் மாவட்ட இணைப்பில் வாரம் ஒரு பக்கம் என் பொறுப்பு. தொழில், சாப்பாடு, ஊர் சுற்றல் எல்லாம் அதில்தான்.

எழுத்து வேலையில் அவர்களைக் குறை சொல்ல மனசு வராது. பிரஸ் நோட் ஒரு பக்கத்தைத் தாண்டாது, தமிழாகவே இருக்கும், தேதியும் இடமும் சரியாக இருக்கும், கீழே கொடுத்த நம்பருக்கு அடித்தால் ஒரு மனிதர் எடுத்துப் பதில் சொல்வார். "அண்ணா, நாளைக்கு வந்துருங்களாண்ணா" என்று ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிடும் வழக்கமும் அவர்களுக்கு இல்லை. சிக்கல், அட்டாச்மென்ட்டைத் திறக்கும்போது ஆரம்பிக்கிறது.

குத்துவிளக்கு, ரிப்பன், பொன்னாடை, பொக்கே, கை கட்டி வரிசையாக நிற்கும் பதினான்கு பேர், பின்னால் ஃப்ளெக்ஸ். ஆள் மாறும், ஃப்ளெக்ஸ் மாறும், படம் மாறாது. ஏன் என்று புரியாமல் இல்லை. காசு கொடுக்கும் முதலாளிக்கு அவர் முகம் வர வேண்டும், அவர் மாமனார் முகம் வர வேண்டும், திறந்து வைத்த பிரமுகர் முகம் வராவிட்டால் அவர் அடுத்த கிளைக்கு வர மாட்டார். நடுவில் மாட்டிக்கொண்ட பிஆர் பையன் யாருக்கென்று பயப்படுவான்? ஆனால் காலையில் டீக்கடையில் பேப்பரைப் புரட்டுகிற அம்மாபேட்டைக்காரருக்கு அந்தப் பதினான்கு பேரில் ஒருவரையும் தெரியாது. கடைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் அவருக்கு ஆசை, அந்தப் படம் மட்டும் வராது.

ஏற்காட்டுக் கதையைக் கேளுங்கள். காபித் தோட்டத்துக்குள் தங்கும் விடுதி ஒன்று, இவர்களுடைய வாடிக்கையாளர். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை இறங்கினால் எட்டுப் பத்து நாளில் காபிச் செடி பூத்துவிடும், கிளை முழுக்கப் பனி கொட்டினது மாதிரி வெள்ளை வெளேரென்று, மல்லிகையைத் தொட்டுப் போகும் வாசனையோடு. சில நாள்தான், அதற்குள் வாடி உதிர்ந்துவிடும். "காபிப் பூ பார்க்க வாங்க" என்று பிரஸ் நோட் வந்தது, படிக்கும்போதே வண்டியை எடுத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறிவிடலாமா என்று இருந்தது, அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார்கள். கூட வந்த படங்கள் ஒன்பது. ரிசப்ஷன் மேஜை, கட்டில், கட்டில் மேல் அன்னப்பறவை மாதிரி மடித்த துண்டு, முதலாளி, முதலாளியும் மேனேஜரும், ட்ரோனில் எடுத்த மலை, அதன் மூலையில் பெரிதாக லோகோ. பூ? ஒன்றுகூட இல்லை!

போன் போட்டேன். "பூ படம் வேணுமாண்ணா? நாளைக்கு அனுப்பிடறேங்கண்ணா" என்றார் தம்பி. மறுநாள் வந்தது, அருமையான படம், அந்த அருமைதான் சந்தேகத்தைக் கொடுத்தது. கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தால் குடகுப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் படம், நாலைந்து வருடமாக இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்டதற்கு, "எல்லாம் காபிப் பூதானுங்களேண்ணா" என்றார். தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கும் அதில் ஏறும் மிளகுக் கொடியும் தெரிகிற மாதிரி, தோட்டத்து ஆள் யாராவது மொபைலில் காலை ஏழு மணிக்கு ஒரு படம் எடுத்திருந்தால் போதும், அரைப் பக்கம் கொடுத்திருப்பேன். பூ உதிர்ந்துவிட்டது, செய்தியும் உதிர்ந்துவிட்டது. அந்த விடுதிக்காரர் அந்த மாதப் பணத்தைக் கொடுத்திருப்பார், பாவம்.

இதே நிறுவனத்திலிருந்துதான் இந்த வருடம் எனக்கு வந்த சிறந்த படமும் வந்தது, அதையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. முதலில் வந்த படங்கள் வழக்கம் போல: ஷோரூம், கண்ணாடிப் பெட்டி, ஃப்ளாஷ். வெள்ளிக்கு ஃப்ளாஷ் அடித்தால் என்ன ஆகும் என்று தெரியும்தானே, கொலுசு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் திட்டு, ஒரு தட்டில் படம் எடுத்தவரின் கட்டம் போட்ட சட்டைகூடத் தெரிந்தது. இது வேலைக்கு ஆகாது என்று எழுதினேன். அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருவர், "நான் நேர்லயே போய் எடுத்துட்டு வரட்டுங்களாண்ணா" என்று கேட்டு, மறுநாள் பட்டறைக்கே போய்விட்டார். ட்யூப்லைட்டை அணைக்கச் சொல்லியிருக்கிறார், சன்னலோரம் வேலை செய்யும் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எதுவும் எடுக்காமல் சும்மா பார்த்திருக்கிறார், அப்புறம்தான் போனை வெளியே எடுத்திருக்கிறார். சாமணத்தில் பிடித்த ஒரு சின்ன வளையம், பற்றவைக்கும் தீயின் நாக்கு, பெரியவரின் விரலில் வருடக் கணக்காக ஏறிய கருப்பு, பின்னால் கலங்கலாகத் தொங்கும் முடிந்த கொலுசுகள். அதைப் பார்த்ததும் அந்த வாரப் பக்கத்துக்கு ஏற்கெனவே வைத்திருந்த ஜவ்வரிசிக் கட்டுரையைத் தூக்கி அடுத்த வாரத்துக்குத் தள்ளினேன்.

அவர் அனுப்பியது ஏழே படங்கள். பட்டறை முழுவதும் தெரிய ஒன்று, ஆள் தெரிய ஒன்று, கை மட்டும் தெரிய ஒன்று, படுக்கைவசத்தில் சில, செங்குத்தாகச் சில. ஒரு படத்தில் இடது பக்கம் வெறும் சுவராக விட்டிருந்தார், தலைப்பு வைக்க அந்த இடம் எவ்வளவு உதவியது என்று லே-அவுட் செய்கிறவரைக் கேட்டால் தெரியும். அறுபது எழுபது படங்களை அள்ளிக் கொட்டி "பாத்து எடுத்துக்கோங்கண்ணா" என்று சொல்வதைவிட இந்த ஏழு எவ்வளவோ மேல். பக்கம் முடிக்கிற நேரத்தில் அறுபதில் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? அந்த முதலாளிக்கு முதலில் முகம் சுண்டிவிட்டதாம், தன் படம் வரவில்லை என்று. இப்போது அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார், நானே பார்த்தேன்.

சரி, படம் வந்து சேரும் விதத்துக்கு வருகிறேன், இங்கேதான் இவர்களுக்கு நான் அதிகமாக மார்க் குறைக்கிறேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சாதாரணமாக அது நீளமான பக்கத்தைச் சுமார் 1600 பிக்சலாக, அதாவது 1600 புள்ளியாக, சுருக்கிவிடும். பேப்பர் அச்சடிக்கும் நியூஸ்பிரிண்ட் தாளில் ஓரளவு தெளிவாக வர அங்குலத்துக்கு 200 பிக்சல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அந்தப் படம் 8 அங்குலம் தாங்கும். போதுமே என்று தோன்றும். ஆனால் பதினான்கு பேரில் இரண்டு பேரை மட்டும் வெட்டி எடுத்தால் 300 பிக்சல்கூட மிஞ்சாது, முகம் கோலப்பொடி மாதிரி ஆகிவிடும். பக்கத்தின் முழு அகலத்துக்கு, அதாவது 13 அங்குலம் சொச்சத்துக்குப் போட வேண்டுமென்றால் 2600 பிக்சலுக்கு மேல் கேட்கும். பளபள தாளில் அச்சடிக்கும் பத்திரிகை என்றால் அங்குலத்துக்கு 300 கேட்பார்கள். இத்தனைக்கும் இவர்கள் கையில் இருக்கும் போன் 12 மெகாபிக்சல், எடுக்கும்போது 4000 பிக்சல் இருக்கிறது, வரும் வழியில்தான் உயிர் போகிறது.

இதற்கு ஸ்டுடியோவும் வேண்டாம், பெரிய கேமராவும் வேண்டாம். அதே வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால் எடுத்தபடியே வரும். 2023-லிருந்து எச்டி என்று ஒரு பொத்தானும் இருக்கிறது, அது கொஞ்சம் தேவலாம் என்றாலும் டாக்குமென்ட்டுக்கு ஈடில்லை. மெயில் என்றால் ஜிமெயிலில் 25 எம்பி வரை போகும், ஏழு படத்தை ஒன்றிரண்டு மெயிலில் அனுப்பிவிடலாம். இதை நான் இந்த நிறுவனத்துக்கு மட்டும் நாலு தடவை சொல்லியிருப்பேன். ஐந்தாம் தடவை டிரைவ் லிங்க் வந்தது, திறந்தால் "அனுமதி கேளுங்கள்" என்றது, கேட்டேன், அனுமதி மறுநாள் மத்தியானம் வந்தது, பக்கம் முந்தின ராத்திரியே போய்விட்டது. ஒரு தடவை இன்ஸ்டாகிராமில் போட்ட படத்தையே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார்கள், மேலே பேட்டரி 12 சதவீதம் என்று தெரிந்தது. இன்னொரு தடவை ஆறு படத்தையும் வேர்ட் ஃபைலுக்குள் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் பூ போட்ட பார்டர் வைத்து.

லோகோவைப் படத்தின் மேலேயே அடித்துத் தராதீர்கள், இதை எல்லா பிஆர்காரர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். நாலு படத்தைச் சேர்த்து ஒரே கொலாஜாகவும் தர வேண்டாம். அதை நாங்கள் விளம்பரப் பிரிவுக்குத்தான் தள்ளிவிடுவோம். இருட்டான படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: மொபைல் திரையில் பளிச்சென்று தெரியும் கருநீலப் பட்டுப் புடவை, அச்சில் மை ஊறி வெறும் கருப்புத் துணியாகப் போய்விடும். கொஞ்சம் வெளிச்சமாகவே எடுங்கள்.

படத்தின் பெயரும் ஒரு தலைவலி. ஐஎம்ஜி என்று ஆரம்பித்து டபிள்யூஏ-வும் ஒரு எண்ணுமாக முடியும் இருபது ஃபைல்களில் எது கொலுசு, எது கல்லூரி விழா? கடையின் பெயர், தேதி, ஒரு எண், அவ்வளவு போதும். கேப்ஷன் அதைவிட முக்கியம், அதில் இவர்கள் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறார்கள். "இடமிருந்து வலம்" என்று ஒழுங்காகப் பெயர் கொடுப்பார்கள், ஆனால் பிரமுகர்களுக்கு மட்டும். பட்டறைப் பெரியவரின் பெயரும் ஊரும் எத்தனை வருட அனுபவம் என்பதும் நான் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் வந்தது. கையால் வேலை செய்தவர் பெயரில்லாமலும், பக்கத்தில் நின்றவர் மூன்று பட்டங்களோடும் வந்தால் பக்கத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.

புதுப் பிரச்சினை ஒன்று கிளம்பியிருக்கிறது, ஏஐ. போன மாதம் ஒரு தின்பண்டக் கடைக்காக தட்டுவடை செட் படம் வந்தது. சேலத்துக்காரனுக்கே தட்டுவடை செட் படம்! இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி, இவ்வளவுதான் அது. வந்த படத்தில் நடுவில் ஒரு லெட்டூஸ் இலை விரிந்திருந்தது, வடை பிஸ்கட் மாதிரி வழவழவென்று, மேலே எள் தூவியிருந்தது. அந்தக் கடைக்காரரே பார்த்தால் "இது எந்த ஊர்ப் பலகாரமுங்க" என்று கேட்டிருப்பார். வெளிச்சம் கூட்டுவது, ஓரம் வெட்டுவது சரி. இல்லாத பொருளை வரைந்து அனுப்புவதும், முகத்தைக் கூர்மையாக்கப் போய் வேறு ஆளாக்கி அனுப்புவதும் வேண்டாம், ஒரு தடவை அப்படிப் பிடிபட்டால் அடுத்த முறை நீங்கள் அனுப்பும் நிஜப் படத்தையும் சந்தேகப்படுவேன்.

உரிமை விஷயமும் அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே உரிமையாளர் என்கிறது 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம். ஆனால் விடுதியில் தங்கிய விருந்தாளி ஆசைக்கு எடுத்துப் போட்ட படம் விடுதிக்காரருடையது ஆகிவிடாது, அவரைக் கேட்க வேண்டும். கொலுசு போட்ட குழந்தையின் படம் என்றால் அப்பா அம்மாவைக் கேட்டீர்களா என்று நான் கண்டிப்பாகக் கேட்பேன்.

காசு கொடுக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: எழுத்துக்கு ஐந்துக்கு நாலரை, படத்துக்கு ஐந்துக்கு இரண்டு, அந்தப் பெண் வந்தால் நாலு. ஒப்பந்தம் போடும்போதே "எங்க இடத்துக்கு வந்து யார் படம் எடுப்பாங்க" என்று கேளுங்கள், "உங்ககிட்ட இருக்கறதை அனுப்புங்க சார்" என்று பதில் வந்தால் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். உங்கள் முகம் பேப்பரில் வந்தே ஆக வேண்டும் என்று அவர்களைப் படுத்தாமல் இருப்பது உங்கள் பங்கு.

போன வாரம் மல்கோவா சீசனுக்காக ஒரு மாம்பழ மண்டியைப் பற்றி அவர்களிடமிருந்து மெயில் வந்தது. ஐந்து படம், எல்லாம் ஒரிஜினல் அளவு, ஃபைலுக்கெல்லாம் பெயர் இருந்தது, கூடையில் வைக்கோலுக்குள் புதைந்த பழம் ஒன்று அப்படியே கைக்கு எட்டும்போல இருந்தது. மண்டியில் வேலை செய்கிறவர்கள் நிற்கும் படத்துக்கு இடமிருந்து வலம் பெயர்களும் இருந்தன. எண்ணிப் பார்த்தேன், படத்தில் ஐந்து பேர், கேப்ஷனில் ஆறு பெயர். இன்னும் திருந்தவில்லை என்று நினைத்துக்கொண்டே போன் போட்டேன். அந்தப் பெண்தான் எடுத்தார். "ஆறாவது ஆள் படத்துல இல்லீங்கண்ணா, அவருதான் படம் எடுத்தவரு, மண்டியில மூட்டை தூக்கற பையன்" என்றார்.

"படம்:" என்று கீழே அந்தப் பையன் பெயரைப் போட்டே அச்சுக்கு அனுப்பினேன்.