மாணவர்களுக்கான வார இறுதிப் பாரிஸ் பயணம்: பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

ஜெர்மனியின் ஆகன் நகரில் முதுநிலைப் படிப்பில் இருக்கும் நான், 2025 நவம்பரில் மாணவர்களுக்கென்றே வார இறுதிச் சுற்றுலா நடத்தும் ஒரு நிறுவனத்தை நம்பி 169 யூரோவையும், அதைவிடப் பெரிதாக ஓர் ஆய்வகப் பாடத்தையும் இழந்தேன். அந்த நிறுவனத்தின் சுவரொட்டி இன்னும் மாணவர் உணவகத்தின் வாசலில் இருப்பதாலும், புதிதாக வந்து சேர்ந்த தம்பி தங்கைகள் சிலர் அதைப் பற்றி என்னிடம் விசாரித்ததாலும் நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

வெள்ளி மாலை 6 மணிக்கு ஆகன் ரயில் நிலையத்தின் பின்புறத்திலிருந்து பேருந்து புறப்படும், பாரிஸில் இரண்டு இரவுகள் தங்கலாம், ஞாயிறு பிற்பகல் 3 மணிக்குக் கிளம்பி இரவு 9 மணிக்குள் ஊர் திரும்பலாம் என்று விளம்பரத்தில் இருந்தது. எனக்கு வெள்ளிக்கிழமைகளில் மாலை 4 மணிவரை ஆய்வகம் உண்டு. அங்கே வருகை கட்டாயம்; ஒரு சோதனையைச் செய்யாமல் விட்டாலும் அந்தப் பருவத்தில் பாடத்தை முடிக்க முடியாது. ஆகவே விலையைக் காட்டிலும் நேரத்தைப் பார்த்துத்தான் நான் பதிவு செய்தேன். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைத்து மாதாமாதம் குறிப்பிட்ட தொகையை மட்டும் எடுக்கக்கூடிய பிளாக்டு கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே கைக்கு வரும் நிலையில் 169 யூரோ எனக்குச் சிறிய தொகையும் அல்ல.

புதன்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. பேருந்து வெள்ளி நண்பகல் 12 மணிக்கு, ஆகனிலிருந்து அல்லாமல் 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கொலோனிலிருந்து புறப்படும் என்றும், வராதவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்படாது என்றும் அதில் இருந்தது. கொலோனிலிருந்து பாரிஸ் செல்லும் நெடுஞ்சாலை ஆகனை ஒட்டித்தான் போகிறது; வழியில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டதற்கு மறுத்துவிட்டார்கள். பணத்தை விட மனமில்லாமல் ஆய்வகப் பொறுப்பாளரிடம் மன்றாடி, என் சோதனையைத் திங்கள் காலை 8.30 மணிக்கு மாற்றிக்கொண்டேன். நான் செய்த பெரிய தவறு அதுதான்.

பாரிஸ் விடுதி என்று சொல்லப்பட்டது, நகர மையத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, சார்ல் த கோல் விமான நிலையத்தின் அருகே இருந்தது. சனிக்கிழமை எங்களை நகருக்குள் கொண்டுசெல்ல வேண்டிய பேருந்து வேறு வேலைக்கு அனுப்பப்பட்டுவிட்டதால், ஒரு வழிக்கு 13 யூரோ கொடுத்து நாங்களே ரயிலில் போய்வந்தோம். ஞாயிறு 3 மணிக்கு வர வேண்டிய பேருந்து 6 மணிக்கு வந்தது. வந்ததும் நேராக ஆகனுக்குச் செல்லாமல், இன்னொரு குழுவை ஏற்றிக்கொள்வதற்காக பிரஸ்ஸல்ஸில் ஒன்றரை மணி நேரம் நின்றது. நள்ளிரவுக்குப் பின் ஆகனைக் கடக்கும்போதுகூட எங்களை இறக்கிவிடாமல், அதிகாலை 2.45 மணிக்குக் கொலோனில் விட்டார்கள். முதல் ரயிலைப் பிடித்து அறைக்கு வந்தபோது விடிந்துகொண்டிருந்தது. சோதனைக்கு முன் நடக்கும் வாய்மொழித் தேர்வில் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. சோதனையைச் செய்ய அனுமதி கிடைக்கவில்லை. ஆய்வகப் பொறுப்பாளர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒருமுறை விதியைத் தளர்த்தி உதவியவர் அவர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தங்களுக்குள் வழக்கமான எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளுக்குள் கடவுச்சீட்டு தேவையில்லை என்று பயண ஒருங்கிணைப்பாளர் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார். இந்தியக் குடிமக்களான நாம் கடவுச்சீட்டையும் வசிப்பிட அனுமதி அட்டையையும் சேர்த்தே கையில் வைத்திருக்க வேண்டும். 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் நில எல்லைகள் அனைத்திலும் சோதனையைத் தொடங்கியதையும் அவர் பொருட்படுத்தவில்லை. எங்களோடு வந்த ஒரு மாணவி அட்டையை மட்டும் எடுத்துவந்து, திரும்பும் வழி முழுவதும் பயந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

ஊர் திரும்பிய பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். போக்குவரத்தும் தங்குமிடமும் சேர்த்து விற்கப்படும் பயணம், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/2302 எண்ணுள்ள நெறியாணையின்படி பயணத் தொகுப்பு ஆகும். அதன் முக்கிய அம்சங்களைப் புறப்படுமுன் நிறுவனம் பெரிதாக மாற்றினால், கட்டணம் எதுவும் இழக்காமல் நாம் விலகிக்கொள்ளலாம். 14 நாட்களுக்குள் முழுப் பணத்தையும் அவர்கள் திருப்பித் தர வேண்டும். புதன்கிழமை இரவே இதை மேற்கோள் காட்டி நான் மறுத்திருக்கலாம். அதே சமயம், இணையத்தில் வாங்கியதை 14 நாட்களுக்குள் காரணமின்றி ரத்து செய்யும் உரிமை இத்தகைய பயணங்களுக்குப் பொருந்தாது என்பதால், முன்பதிவு செய்யும் நேரத்திலேயே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நிறுவனம் திவாலானால் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்று காட்டும் ‘சிஷருங்ஸ்ஷைன்’ சான்றைக் கொடுக்காமல், ஜெர்மனியில் இத்தகைய பயணத்துக்கு முன்கூட்டியே பணம் வாங்கக் கூடாது. எங்களுக்கு அது தரப்படவே இல்லை. பணத்தையும் ஒரு தனிநபரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார்கள். கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கி மூலம் மீட்க முயன்றிருக்கலாம்.

புகார் எழுதியதற்கு, அடுத்த பயணத்தில் 20 யூரோ தள்ளுபடி தருகிறோம் என்ற பதில் மட்டுமே வந்தது. மாணவர்களுக்குத் திங்கள் வகுப்பு, அறிக்கை, தேர்வு என்று நேரமே இருக்காது, ஆகவே யாரும் தொடர்ந்து கேட்கமாட்டார்கள் என்ற துணிச்சலில்தான் இவர்கள் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். நான் மாணவர் மன்றமான ஆஸ்டாவின் சட்ட ஆலோசகரைப் பார்த்து, கெடு குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன்.

அந்தப் பேருந்தில் வந்தவர்கள் புதன்கிழமை வந்த செய்தியையும் பழைய விளம்பரத்தையும் அழித்துவிடாமல் படமெடுத்து வையுங்கள். பயணக் குறைபாடுகளுக்கு இழப்பீடு கோர ஜெர்மானியச் சட்டம் இரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது. தனித்தனியாக அல்லாமல் சேர்ந்தே எழுதுவோம்.