நான்கு வயதுப் பிள்ளைக்கு அறுவை சிகிச்சை என்றார்கள்: மதுரையில் ஒரு காலைப்பொழுது

இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்கு மதுரை வந்த இரண்டாம் வாரத்தில் மகனுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்ததால், வீட்டுக்குப் பக்கத்திலுள்ள தனியார் குழந்தை மருத்துவரிடம் அவனை அழைத்துச் சென்றேன். கம்பவுண்டர் கலக்கிக் கொடுக்கும் சிவப்பு மிக்ஸரும், வேளைக் கணக்குக்காகப் புட்டியில் ஒட்டியிருக்கும் வெட்டுக் காகிதமும் என் நினைவில் இன்னும் இருக்கின்றன. இப்போது அந்த இடத்தில் குளிரூட்டிய கூடமும் டோக்கன் எண் ஓடும் திரையும் இருக்கின்றன.

மருத்துவர் தொண்டையையும் நெஞ்சையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, சிறுநீர்த் தொற்று இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே, என்னிடமும் கேட்காமல் பிள்ளையிடமும் சொல்லாமல், அவன் கால்சட்டையை இறக்கி முன்தோலைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கினார். அவன் அலறிய அலறல் இன்றும் என் காதில் நிற்கிறது. “தள்ளாதீங்க டாக்டர், தயவுசெய்து விட்டுடுங்க” என்று சொல்லி, என் கையைக் குறுக்கே வைத்துவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை, நாலு வயதாகியும் தோல் பின்னால் வரவில்லை, இது முன்தோல் குறுக்கம், ஊருக்குத் திரும்புவதற்குள் தோலை அகற்றிவிடலாம் என்றார். சிறுநீர் கழிக்கும்போது வலிக்கிறதா, அடிக்கடி சீழோ வீக்கமோ வந்திருக்கிறதா, தோல் நுனியில் வெள்ளைத் தழும்பு தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். மூன்றுக்கும் இல்லை என்பதே பதில். அப்படியானால் எதற்காக அறுவை சிகிச்சை என்று கேட்டதற்கு, சுத்தமாக இருக்கும் என்றார்.

பிறக்கும்போது முன்தோல் உள்ளே ஒட்டியே இருக்கும். அது தானாக, மெல்ல மெல்லப் பிரிகிறது. டென்மார்க்கில் பள்ளிச் சிறுவர்களை ஆண்டுக்கணக்கில் பரிசோதித்து 1968-இல் வெளியான ஆய்வில், ஆறு, ஏழு வயதில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குத் தோல் பின்னால் வரவில்லை. பதினாறு, பதினேழு வயதில் அது நூற்றுக்கு ஒருவராகக் குறைந்திருந்தது. வலிந்து தள்ளினால் தோல் கிழிந்து, ஆறும்போது தழும்பாகி, இல்லாத குறுக்கத்தை நாமே உண்டாக்கிவிடுவோம். பின்னால் போன தோல் திரும்பாமல் இறுகிக்கொண்டால் அது அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டிய நிலை. இங்கிலாந்தில் என் மகன் பிறந்தபோது, அந்த இடத்தை வெளியே மட்டும் கழுவுங்கள், தோலைத் தொடாதீர்கள் என்று தாதி சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. உண்மையான குறுக்கம் இருந்தால்கூட, பெரும்பாலும் சில வாரங்கள் ஸ்டீராய்டு களிம்பு தடவிப் பார்த்த பிறகே அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கிறார்கள். மதக் கடமையாகச் சுன்னத் செய்யும் குடும்பங்களைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. தேவையில்லாத இடத்தில் நோயின் பெயர் சொல்லிக் கத்தி வைப்பதைப் பற்றித்தான் பேசுகிறேன். முன்தோலோடு வளரும் பிள்ளைகளே மிகுதியான நம் ஊரில் இதை ஒரு மருத்துவருக்கு நான் எடுத்துச் சொல்ல நேர்ந்ததுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சிறுநீர் மாதிரியை நானே பிடித்துத் தருகிறேன் என்று சிஸ்டரிடம் கேட்டேன். அவர் மறுக்காமல் டப்பாவைக் கொடுத்து, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள் என்று பக்குவமாகச் சொன்னார். அந்த ஒரு கனிவுக்கு அவருக்கு நன்றி. தொற்று எதுவும் இல்லை.

வீட்டில் இன்னொரு பேச்சு காத்திருந்தது. எண்ணெய் தேய்க்கும்போது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவிட்டிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது என்றார் அத்தை. தம் பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படித்தான் செய்ததாகவும் சொன்னார். அவரிடம் குரலை உயர்த்த எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மருத்துவரிடம் சொன்னதையே மறுபடி முதலிலிருந்து சொன்னேன். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலின்போது பேரனை மடியில் போட்டுக்கொண்டவர், “வெளியே மட்டும் தானே தாயீ?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.