போர் நினைவுக்கல் செய்து தரும் கிருஷ்ணகிரி கல் பட்டறை: ஒரு மதிப்பீடு

கார்கில் போரில் உயிர்நீத்த வீரர்களுக்கு எங்கள் ஊர்ப் பள்ளி வளாகத்தில் நினைவுக்கல் நட வேண்டும் என்று முன்னாள் படைவீரர்கள் சிலர் சேர்ந்து முடிவு செய்து, கிருஷ்ணகிரியை அடுத்த கல் பட்டறை ஒன்றில் அந்த வேலையை ஒப்படைத்தோம்.

எங்களில் பலருக்கும் இப்பகுதியில் கிடைக்கும் பாரடைசோ கிரானைட்டின் மீதே விருப்பம் இருந்தது. அதன் அலையலையான ஊதாக் கோடுகளில் எழுத்து அமுங்கிவிடும் என்று மாதிரித் துண்டில் வெட்டிக் காட்டிய பட்டறைக்காரர், கறுப்புக் கல்லே ஏற்றது என்றார். பாலிஷ் போட்ட கறுப்புப் பரப்பில் மணல் பீய்ச்சி எழுத்தை வெட்டினால், உள்ளே பூசிய வண்ணம் உதிர்ந்த பிறகும் வெளிர் சாம்பல் நிறத்தில் எழுத்து தெரியும். தருமபுரி அகழ்வைப்பகத்தில், போரில் வீழ்ந்தவர்களுக்காகப் பல்லவர் காலத்தில் நட்ட நடுகற்களின் வட்டெழுத்தை இன்றும் படிக்கிறார்கள். அப்படிப்பட்ட மண்ணில், சில ஆண்டுகளிலேயே மங்கிப்போகும் கல்வெட்டை நட எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

1999ஆம் ஆண்டுப் போரில் இந்தியத் தரப்பில் 527 வீரர்கள் உயிர்நீத்தனர். அத்தனை பெயர்களுக்கும் கல்லில் இடமில்லாததால், திராஸ், காக்சர், பட்டாலிக், முஷ்கோ ஆகிய போர்முனைகளையும், மே 29 அன்று பட்டாலிக் முனையில் வீழ்ந்த பீகார் ரெஜிமெண்டின் மேஜர் சரவணனின் பெயரையும் பொறிக்கச் சொன்னோம்.

இந்தப் பட்டறையை நான் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம் எழுத்து வேலைதான். ஸ்டென்சிலைக் கல்லில் ஒட்டி, நாங்கள் எழுத்தெழுத்தாகப் படித்து ஒப்புக்கொண்ட பிறகே வெட்டத் தொடங்கினார்கள். மெய்யெழுத்துகளின் புள்ளி, மணல் வேகத்தில் சிதைந்துவிடக்கூடும் என்பதால், மேஜர் சரவணனுக்கு அளிக்கப்பட்ட போர் வீர விருதைக் குறிக்கும் 'வீர் சக்ரா' என்ற வரியில் இருந்த புள்ளிகளை வயதான கல் தச்சர் ஒருவர் சிற்றுளியால் ஒவ்வொன்றாகக் கொத்தி முடித்தார். இந்தப் பொறுமைக்கு அவர் தனிக்கூலி எதுவும் கேட்கவில்லை. மண்ணுக்குள் இறங்கும் ஒன்றரை அடியைப் பாலிஷ் செய்யாமல் சொரசொரப்பாகவே விட்டிருந்ததால் கான்கிரீட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

குறை ஒன்று உண்டு. பேசிய தொகையில் அடித்தளச் செலவும் கல்லைத் தூக்கி நிறுத்தும் ஹைட்ரா கிரேன் வாடகையும் சேரவில்லை என்பதைக் கல் வந்து இறங்கிய அன்றுதான் சொன்னார்கள். ஊரார் கொடுத்த நன்கொடையில் செய்யும் வேலைக்கு இது பெரும் சங்கடம். ஜூலை 26, கார்கில் வெற்றி நாளுக்குள் கல் நட விரும்புவோர், இவ்விரு செலவுகளையும் முன்பணம் கொடுக்கும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.